யார் கண்ணுக்கு மறைய வேண்டும்?

கும்பகோணத்தில் 2002 முதல் 2015 வரை பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசல் மேஜையில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. இப்போது அதே இடத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இணையமும் அந்தரங்கமும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதில் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் நானே எடுத்துவிட்டேன். பெயரை மட்டும் எடுத்தால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு நாலாவது பதிலில் காரணம் இருக்கிறது.

ஒரு வாசகி:
அண்ணா, நாங்கள் கூட்டுக் குடும்பம். வீட்டுக்கு ஒரே லேப்டாப். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. கருத்தரிப்புச் சிகிச்சை பற்றி பிரவுசரின் ரகசிய ஜன்னலான இன்காக்னிடோவில்தான் தேடினேன். ரெண்டு நாள் கழித்து ஹாலில் டிவியில் யூடியூப் போட்டால் கருத்தரிப்பு மைய விளம்பரம். மாமியார், கொழுந்தனார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்காக்னிடோ என்றால் யாருக்கும் தெரியாது என்றுதானே சொன்னார்கள்?

அந்த ஹாலில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது, தங்கச்சி. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்தப் பெயரும், தொப்பி கண்ணாடி போட்ட அந்தப் படமும் சேர்ந்து பலரை அப்படி நம்ப வைத்திருக்கின்றன.

என் சென்டரை வைத்தே சொல்கிறேன். ஒருவர் எழுந்து போனதும் கடைப் பையன் அந்த சிஸ்டத்தில் ஹிஸ்டரியை அழிப்பான். அடுத்து உட்காருபவருக்கு முன்னால் இருந்தவர் என்ன பார்த்தார் என்று தெரியாது. ஆனால் அவர் வந்ததும் போனதும் வாசல் நோட்டில் இருக்கும். எந்தத் தளத்துக்கு இணைப்பு போனது என்பது லைன் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். வந்து போனதை அந்தத் தளமும் குறித்துக்கொள்ளும். இன்காக்னிடோ செய்வது கடைப் பையன் செய்த வேலை மட்டும்தான். அதிலும் ஒரு குறை: டவுன்லோடு செய்த ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும், அது அழியாது.

டிவி வரைக்கும் விளம்பரம் போக வழக்கமான வழிகள் இரண்டு. இன்காக்னிடோ ஜன்னலுக்குள் போய் ஏதாவது ஒரு காரணத்துக்கு கூகுள் கணக்கில் லாகின் செய்தால், அதற்கப்புறம் தேடுவதெல்லாம் அந்தக் கணக்கின் பேரில் சேர ஆரம்பிக்கும். டிவியிலும் அதே கணக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். லாகின் செய்யாவிட்டாலும் வீட்டு வைஃபையில் இருக்கும் லேப்டாப், போன், டிவி எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண், ஒன்றுதான். இவையெல்லாம் ஒரே வீடு என்று விளம்பர நிறுவனங்கள் அதை வைத்துக் கணக்குப் போடுகின்றன.

இந்த விஷயத்தில் ஏமாந்ததாக நினைத்தவர்கள் நிறையப் பேர். இன்காக்னிடோவில் இருந்தபோதும் தங்களைக் கூகுள் பின்தொடர்ந்தது என்று அமெரிக்காவில் 2020-ல் சிலர் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளியான சமரச ஒப்பந்தத்தின்படி, அப்படிச் சேர்ந்த பல நூறு கோடி பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒத்துக்கொண்டது. இன்காக்னிடோவைத் திறந்ததும் வரும் எச்சரிக்கை வாசகமும் அந்த வருஷம்தான் மாறியது. அடுத்த முறை திறக்கும்போது அதைப் பொறுமையாகப் படியுங்கள், இப்போது ஓரளவு நேராகவே சொல்கிறார்கள்.

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில் டிவியில் உங்கள் கணக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் போனில் கூகுள் கணக்குக்குள் போய் 'மை ஆட் சென்டர்' என்ற பக்கத்தைத் திறந்தால், கர்ப்பம், குழந்தை வளர்ப்பு பற்றிய விளம்பரங்களைக் குறைக்கத் தனியாக ஒரு பட்டன் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் பழைய தேடல்களை அழிக்கலாம், மூன்று மாதத்துக்கு மேல் ஆனவை தானாகவே அழியும்படியும் வைக்கலாம். இந்த விஷயத்தைத் தேடுவதற்கு மட்டும் உங்கள் போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, எந்தக் கணக்கிலும் நுழையாமல், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் தேடுங்கள். அதே லேப்டாப்பைத் திறக்கும் கொழுந்தனார் கண்ணுக்கு மறைய இன்காக்னிடோ போதும். கூகுள் கண்ணுக்கும் விளம்பரக்காரர் கண்ணுக்கும் மறைய மற்ற வேலைகள் வேண்டும். யாருக்கு மறைக்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் எதைச் செய்வது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு பொறியியல் மாணவர்:
ஹாஸ்டல் வைஃபையில் ரோல் நம்பர் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் என்ன பார்க்கிறேன் என்று வார்டனுக்குத் தெரியுமா? வாட்ஸ்அப் மெசேஜைப் படிப்பார்களா?

மெசேஜைப் படிக்க முடியாது தம்பி. வாட்ஸ்அப்பில் எழுதுவது அனுப்பும் போனிலேயே பூட்டப்பட்டு வாங்கும் போனில்தான் திறக்கும். 2016-லிருந்து எல்லாருக்கும் அப்படித்தான்.

இணையதளங்களைப் பொறுத்தவரை, முகவரியின் முன்னால் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் நெட்வொர்க்கை நடத்துபவருக்குத் தெரியும். அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. பஸ்ஸில் ஏறியவர் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார் என்று கண்டக்டருக்குத் தெரியும், அங்கே யார் வீட்டுக்குப் போகிறார் என்று தெரியாது, அந்த மாதிரி. ஆனால் ரோல் நம்பர் போட்டு நுழைந்திருப்பதால் தளத்தின் பெயர், நேரம், எவ்வளவு டேட்டா என்பதெல்லாம் உங்கள் பேரிலேயே பதிவாகும். வார்டன் உட்கார்ந்து பார்ப்பதில்லைதான், தேவைப்பட்ட அன்றைக்கு எடுத்துக் கொடுக்க அது இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வைஃபை கிடைக்க வேண்டுமானால் இந்த 'சர்டிஃபிகேட்'டை உங்கள் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்யுங்கள் என்று சொன்னால், போட்டுவிடுவதற்கு முன் எதற்கு என்று கேளுங்கள். அதைப் போட்ட பிறகு ஹெச்டிடிபிஎஸ் பூட்டைத் திறந்து உள்ளே பார்க்கும் சாவி அவர்கள் கையில் இருக்கும். அந்த லேப்டாப்பில் வங்கி வேலையோ சொந்த மெயிலோ வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு போனும் சொந்த டேட்டாவும் இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டு 9-லிருந்து செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கிறது. தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும்படி போன் கேட்கும் கேள்வியை அது மறைக்கும். ஆனாலும் இணைப்பு தொடங்கும் நொடியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடுகிறது. அதனால் அதைப் போட்டுவிட்டு முழுசாக மறைந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு ஜவுளி வியாபாரி:
பிளே ஸ்டோரில் இலவச விபிஎன் நிறைய இருக்கிறது. மகன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இனிமேல் யாரும் என்னைப் பார்க்க முடியாது என்கிறான். சரிதானா ஐயா?

ஐயா, உங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தை ஊரில் யாரும் பார்க்கக்கூடாது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால், ஊர் பார்க்காது, அவர் பார்ப்பார். விபிஎன் அப்படித்தான். உங்கள் இணைப்பு முழுவதையும் ஒரு குழாய் வழியாகத் தன் சர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடுகிறது. ஏர்டெல்லோ ஜியோவோ பார்க்க முடிந்ததை இனி விபிஎன் நடத்துபவர் பார்ப்பார். அவர் யார், சோற்றுக்கு என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

ஹோலா என்று ஒரு இலவச விபிஎன் கோடிக்கணக்கானவர்களால் பயன்படுத்தப்பட்டது. இலவசமாகப் பயன்படுத்துபவர்களின் இணைப்பையே அந்த நிறுவனம் வேறு பேரில் வெளியாருக்கு விற்கிறது என்பது 2015-ல் பெரிய செய்தியானது. உங்கள் வீட்டு இணைப்பு வழியாக யாரோ ஒருவர் என்னவோ செய்வார், வெளியே தெரிவது உங்கள் ஐபி. ஃபேஸ்புக் 2013-ல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. பாதுகாப்புக்கான விபிஎன் என்று சொல்லிக் கொடுத்த அந்த ஆப், மக்கள் வேறு எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சேகரித்து ஃபேஸ்புக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இதற்காக 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்த நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

நம் நாட்டு நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதையெல்லாம் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருக்க மாட்டோம் என்று எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன.

மகன் போட்டுக் கொடுத்ததை எடுத்துவிடுங்கள். வங்கி ஆப்புக்கும் ஜிபேக்கும் விபிஎன் தேவையே இல்லை, அவை ஏற்கெனவே பூட்டுப் போட்டுத்தான் பேசுகின்றன. லாட்ஜ் வைஃபை, ரயில் நிலைய வைஃபை என்று அடிக்கடி பயன்படுத்துபவராக இருந்தால் காசு கொடுத்து ஒன்றை வாங்கலாம். எப்படிப் பிழைக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஆசிரியர்:
நான் எங்கும் லாகின் செய்வதில்லை. பெயர் கொடுப்பதில்லை. பெயருக்குப் பதில் அவர்கள் கொடுக்கும் ஓர் எண்ணை மட்டும் வைத்து என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

2006 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று ஒரு காரியம் செய்தது. ஆறரை லட்சம் பேர் மூன்று மாதத்தில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை அப்படியே இணையத்தில் போட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். 4417749 என்ற எண்ணின் கீழ் இருந்த தேடல்களை நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் எடுத்துப் படித்தார்கள். விரல் மரத்துப்போவது, அறுபது வயதுக்காரர்களுக்கான துணை, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாய், லில்பர்ன் என்ற சிற்றூரில் தோட்ட வேலை செய்பவர்கள், ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலர். இதை வைத்துக்கொண்டு நேராக அந்த ஊருக்குப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 62 வயது, கணவரை இழந்தவர், மூன்று நாய் வளர்ப்பவர். படித்துக் காட்டியதும் ஆமாம், இவை என் தேடல்கள்தான் என்றார்.

அவர் எங்கும் தன் முழுப் பெயரைத் தேடலில் சொல்லிவிட்டுப் போகவில்லை, சார். ஊர் ஒரு தேடலில் இருந்தது, உறவுக்காரர் இன்னொன்றில், உடம்பு வேறொன்றில். எல்லாம் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்ததும் ஆள் எழுந்து நின்றுவிட்டார். லட்டான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சியாளர் 2000-ல் காட்டியது இதைவிடச் சுருக்கம்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். உங்கள் வகுப்பில் பிறந்த தேதியைச் சொன்னால் எத்தனை பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று பாருங்கள், விளங்கிவிடும்.

இப்படி ஆளுக்கொரு எண் கொடுக்க, தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கிகூட வேண்டாம். உங்கள் திரையின் அளவு, பிரவுசரின் பதிப்பு, கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருக்கள், நேர மண்டலம் என்று பிரவுசர் தானாகச் சொல்லும் விவரங்களைச் சேர்த்தாலே அது ஒரு கைரேகை. 2010-ல் இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பு 4 லட்சத்து 70 ஆயிரம் பிரவுசர்களைச் சோதித்தபோது 83.6 சதவீதம் மற்ற எதோடும் பொருந்தாமல் தனியாகத் தெரிந்தன. 'கவர் யுவர் ட்ராக்ஸ்' என்ற அவர்களுடைய தளத்தில் உங்கள் பிரவுசரையும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். அலங்காரமாக நிறைய எழுத்துருவும் எக்ஸ்டென்ஷனும் போட்டு வைத்தால் கூட்டத்தில் தனியாகத் தெரிவோம். ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்று மட்டும், மற்றதெல்லாம் வந்தபடி இருக்கட்டும். என் கடைக்கு வரும் எல்லாருக்கும் நான் போட்டுக் கொடுப்பது இதுதான்.

ஒரு வாசகர்:
ஜெராக்ஸ் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆபத்தா?

விபிஎன், டார் பிரவுசர் என்று மறையும் வழிகள் பற்றி ஆயிரம் பேர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் சென்டர் நடத்தியபோது ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொரு சிஸ்டமாகப் பார்ப்பேன். அஞ்சாம் நம்பர் சிஸ்டம் ஸ்கேனர் பக்கத்தில் இருந்ததால் அதில்தான் அதிகம் இருக்கும். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றிலும் நிறைந்து கிடக்கும்: சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், நீல நிறப் பின்னணியில் பாஸ்போர்ட் போட்டோ, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து. ஒரு மனிதரின் பேரில் கடன் வாங்கவும் சிம் வாங்கவும் என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒரே ஃபோல்டரில். நான் தினமும் அழித்தேன். அழிக்காத கடை எத்தனை என்று உங்கள் ஊரிலேயே பாருங்கள். இப்போது அதே காகிதங்கள் ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் வெப்பில் வந்து விழுகின்றன, அனுப்பியவரின் போன் நம்பரோடு சேர்ந்து.

கேட்கும் இடத்தில் ஏற்றுக்கொண்டால் 'மாஸ்க்டு ஆதார்' எடுத்துப் போங்கள். ஆதார் தளத்திலேயே டவுன்லோடு செய்யும்போது அதற்கு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும். இ-ஆதார் பிடிஎஃப்-பின் பாஸ்வேர்டு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். அதைக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லாமல் நீங்களே டைப் செய்யுங்கள். பிரிண்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் 'எல்லாருக்கும் அழி' என்று கொடுங்கள், ஆனால் அது சாட்டில் இருப்பதை மட்டும்தான் அழிக்கும். டவுன்லோட்ஸில் இறங்கிய ஃபைல் அங்கேயே இருக்கும். அண்ணே, அதையும் ஷிப்ட் டெலீட் பண்ணிடுங்க என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான், கேட்டவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

ஒரு இல்லத்தரசி:
சூப்பர் மார்க்கெட்டில் பில் போட மொபைல் நம்பர் கட்டாயம் என்கிறார்களே?

கட்டாயம் இல்லை, அம்மா. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது. 'நம்பர் இல்லாம போடுங்க தம்பி' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.

ஒரு ஓய்வுபெற்ற அலுவலர்:
தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? இதெல்லாம் குற்றவாளிகளுக்கு வழி காட்டுவதாக இல்லையா?

ஐயா, 2011-ல் சைபர் கஃபே விதிகள் வந்தன. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவுகளை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் இரண்டையும் நான் மனசாரச் செய்தேன். மூன்றாவதற்கு ஆசாரியைக் கூப்பிட்டு ஆறடி பிளைவுட்டை நாலரையாக அறுத்தோம். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒருவர் வருவார். மனைவிக்கு மார்பில் கட்டி. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் படிப்பார், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தடுப்பு குறைந்த பிறகு ரெண்டு வாரம் வந்தார். பின்னால் நிற்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வரவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்?

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், பத்திரிகையை அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸுக்குச் சட்டப்படி வழி இருக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அதற்காக அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரரின் திரையை எல்லாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு இதழியல் மாணவி:
டார் பிரவுசர் பயன்படுத்துவது சட்டவிரோதமா? அதில் போனால் யாராலும் பிடிக்க முடியாதா?

டாரைப் பயன்படுத்துவதையே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதில் போய் என்ன செய்கிறீர்கள் என்பதற்குத்தான் சட்டம். இந்த யோசனை பிறந்த இடமே அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடம், 1990-களின் நடுவில். உங்கள் இணைப்பை மூன்று கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும். முதல் ஆளுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவது ஆளுக்குப் போகும் இடம் தெரியும், யார் என்று தெரியாது.

ஆனால் அந்த மூன்றாவது ஆள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் தானே அப்படிச் சில கம்ப்யூட்டர்களை நடத்தி, பூட்டில்லாமல் போன பல தூதரகங்களின் மெயில் பாஸ்வேர்டுகளைப் பிடித்துக் காட்டினார். டார் முகத்தை மறைக்கும். கடிதத்தை மூடி ஒட்டுவது உங்கள் வேலை.

இன்னொன்று, டாரில் போகிறீர்கள் என்பதே நெட்வொர்க்காரருக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டில் ஒரு மாணவர் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினார். டாரில்தான் அனுப்பினார், ஆனால் பல்கலைக்கழக வைஃபை வழியாக. அந்த நேரத்தில் அங்கே டாரில் இருந்தது யார் என்று பார்த்தார்கள், அகப்பட்டுவிட்டார். செய்தி கொடுப்பவரைப் பாதுகாக்க நீங்கள் டாரைக் கற்றுக்கொள்வது நல்லது. அலுவலக நெட்டிலிருந்து வேண்டாம், அதற்குள் போய் உங்கள் சொந்த ஃபேஸ்புக்கையும் திறக்காதீர்கள்.

ஒரு தாய்:
பத்தாவது படிக்கும் மகள் போனில் இன்காக்னிடோ போடுகிறாள். நான் வந்தால் திரையை மூடுகிறாள். அவளுக்குத் தெரியாமல் கண்காணிக்க ஏதாவது ஆப் இருந்தால் சொல்லுங்கள்.

ஆப் இருக்கிறது, நான் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, காரணம் சொல்கிறேன். அந்த மாதிரி ஆப்கள் பிள்ளையின் மெசேஜையும் போட்டோவையும் எடுத்து முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கின்றன. நீங்கள் பார்ப்பதற்கு முன் அங்கே யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

2009-ல் என் சென்டரில் ப்ளஸ் டூ படித்த ஒரு பெண் மெயிலை லாக் அவுட் செய்யாமல் போய்விட்டாள். அடுத்து உட்கார்ந்த பையன் அதிலிருந்த அவள் போட்டோக்களை எடுத்துக்கொண்டு, அவளுக்கே மெயில் போட்டு மிரட்ட ஆரம்பித்தான். மூன்றாம் நாள் கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டம் குறையும் வரைக்கும் விலைப்பட்டியலையே படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், 'அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவார் அண்ணா' என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள். மிரட்டியவனைவிட வீட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் அதிகம். நோட்டில் இருந்த நேரத்தை வைத்து அவன் யார் என்று எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது, விஷயம் அதோடு நின்றது. அன்றைக்கு ராத்திரி ஒவ்வொரு சிஸ்டமாக அழிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. என் கடையில் நடந்ததம்மா அது. மறுநாளே எட்டு மானிட்டரிலும் 'லாக் அவுட் செய்துவிட்டீர்களா?' என்று எழுதி ஒட்டினேன்.

உங்கள் மகள் திரையை மூடுவது அந்த வயதுக்கு இயல்பு. கட்டுப்பாடு வேண்டுமென்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் மாதிரி, அவளுக்கும் தெரிந்து, அவள் போனிலேயே பார்க்கும்படி இருப்பதைப் போடுங்கள். எதற்காகப் போடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். யாராவது உன் போட்டோவை வைத்து மிரட்டினால் உன்மேல் கோபப்பட மாட்டேன், முதலில் என்னிடம் வா என்று இப்போதே, ஒன்றும் நடக்காதபோதே, சொல்லி வையுங்கள்.

அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றத்துக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் 1930. குழந்தைகள் உதவி எண் 1098. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவை 2023-லிருந்து இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டாம். போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு குறியீட்டு எண் உருவாகி அது மட்டும் போகும், சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி எடுத்துவிடும். பெயரும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு இதே மாதிரி 'ஸ்டாப் என்சிஐஐ' இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஆங்கிலம் புரியாத இடத்தில் அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.